பழைய படச் சட்டத்துக்குப் புது உருவம்: மெருகா, காகிதமா, மக்கா, பட்டா, சில்லா?

பழைய பொருள் கடையில் ஒரு படச் சட்டம் கண்ணில் படுகிறது. விலையும் கட்டுப்படியாகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து தூசி தட்டிச் சுவரோரம் சாய்த்துவைத்த பிறகுதான் குழப்பம் தொடங்குகிறது. காகிதம் ஒட்டலாமா? பெயிண்ட் அடித்துத் தங்கத்தாள் பதிக்கலாமா? அம்மாவின் கிழிந்த பட்டுப் புடவைக் கரையை ஒட்டினால் நிற்குமா? உடைந்த வளையலும் டைல்ஸ் துண்டும் வீட்டில் கிடக்கின்றனவே, அவற்றைப் பதித்தால் என்ன? இல்லை, பாலிஷ் மட்டும் போட்டு மாட்டிவிடலாமா? வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள் இவை.

காணொளிகளில் எல்லா முறையும் அழகாகத்தான் முடிகிறது. அந்தச் சட்டம் இரண்டு மழைக்காலங்களைத் தாண்டிய பிறகு எப்படி இருந்தது என்று யாரும் காட்டுவதில்லை. நான் இங்கே ஒப்பிடுவது அந்த இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு நிற்கப்போகும் சட்டங்களை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த முறை என்பதை நம் ஆசை முடிவு செய்யக் கூடாது, சட்டம்தான் முடிவு செய்ய வேண்டும். நல்ல தேக்குச் சட்டத்தின் மேல் பெயிண்ட் பூசுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதே நேரத்தில், யாரும் திரும்பிப் பார்க்காத மட்டமான மரச் சட்டம் ஒன்று மக்கும் (சுண்ணப் பொடியைப் பசையோடு குழைத்த பூச்சு) நிறமும் ஏறி வீட்டின் மிக அழகான பொருளாக மாறுவதைக் காண்பது பெரிய மகிழ்ச்சி.

## முதலில் சட்டத்தைப் படியுங்கள்

எதனால் ஆனது? நம் கைக்கு வரும் பழைய சட்டங்கள் பெரும்பாலும் நான்கு வகை. முதலாவது தேக்கு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியேறி, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் அடுக்கிக் கிடப்பவற்றில் பர்மா தேக்குச் சட்டங்களைப் பார்க்கலாம். இரண்டாவது, விலை குறைந்த மெல்மரம். மேலே கறுப்பு அல்லது பழுப்பு வார்னிஷ் இருக்கும். மூன்றாவது, மரத்தின் மேல் பூவும் கொடியும் அச்சில் வார்த்து ஒட்டிய பொன்னிறச் சட்டம். அந்தப் பூக்கள் மரச்செதுக்கு போலத் தெரிந்தாலும், சுண்ணப் பொடியும் பசையும் கலந்து வார்த்தவை. நான்காவது, இப்போது எல்லாப் பிரேம் கடைகளிலும் விற்கும் சின்தட்டிக் மோல்டிங். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது.

வகை தெரியாமல் வேலையைத் தொடங்கினால் சட்டமே போய்விடும். பாலிஸ்டைரீன் சட்டத்தில் தின்னர் பட்டால் மேல்பரப்பு இளகிக் குழைந்துவிடும். ஸ்பிரே பெயிண்டில் உள்ள கரைப்பானும் அதையே செய்யும். வார்த்த பூக்கள் உள்ள பொன்னிறச் சட்டத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் மினுமினுப்பும் பூவின் விளிம்பும் துணியோடு வந்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் சுரண்டிப் பாருங்கள். மர நார் தெரிகிறதா, வெள்ளைப் பொடி உதிர்கிறதா, பிளாஸ்டிக் சுருள் வருகிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூலைகள் ஆடுகின்றனவா? எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மெல்ல முறுக்கிப் பாருங்கள். நான்கு மூலைகளும் 45 பாகைச் சாய்வில் வெட்டிச் சேர்த்தவை. சட்டத்தின் பலம் முழுவதும் அந்த நான்கு கோடுகளில் இருக்கிறது. ஆடும் மூலையின் மேல் எதை ஒட்டினாலும் முதலில் விரியும் இடம் அதுதான். பழைய தச்சர்கள் வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை வெந்நீரில் இளகும். அதைச் சுரண்டி எடுத்துக் காயவிடாமல் மேலேயே ஃபெவிகால் வைத்தால் பிடிக்காது. சுத்தம் செய்து புதுப் பசை வைத்து, பழைய சைக்கிள் டியூபை நீளவாட்டில் கீற்றாக வெட்டிச் சட்டத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் நான்கு மூலையும் ஒரே சீராக அழுந்தும். ஒரு முழு நாள் அப்படியே இருக்கட்டும்.

பூச்சி இருக்கிறதா? குண்டூசித் தலை அளவுள்ள துளைகள் தெரிந்தால், சட்டத்தை ஒரு வெள்ளைத்தாளின் மேல் தட்டுங்கள். மாவு போன்ற பொடி உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்கிறது என்றே கொள்ளுங்கள். மரத்துக்கான பூச்சிமருந்து தடவி, ஒரு மாதமாவது தனியே வைத்து, புதுப் பொடி விழவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே மற்ற வேலை. இல்லாவிட்டால் வீட்டு நிலைக்கதவுக்கும் அந்த வண்டை நாமே அழைத்துவந்தது போலாகும்.

பழைய பெயிண்ட் இருக்கிறதா? நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயிண்ட் பூசிய சட்டத்தை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளைப் பயன்படுத்துங்கள். முகக்கவசம் அணியுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

உள்ளே என்ன வரப்போகிறது, எங்கே மாட்டப் போகிறீர்கள்? முகம் பார்க்கும் கண்ணாடி வருமானால் எடை முக்கியம். சாமி படம் வருமானால் விளக்குப் புகை, கற்பூரம், சந்தனம், குங்குமம் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அடிக்கடி துடைக்க முடிய வேண்டும். குளியலறைக்கு அடுத்த சுவர், மழையில் ஓதமேறும் சுவர், கடற்கரை ஊர் என்றால் பட்டியலில் இரண்டு முறைகளை இப்போதே அடித்துவிடலாம்.

பிறகு மனம் மாறினால்? இதை யாரும் கேட்பதில்லை. நான் இதற்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். பத்து ஆண்டுகள் கழித்து இந்தச் சட்டம் உங்கள் பிள்ளைகள் கைக்குப் போகும்போது, மேலே உள்ளதை எடுத்துவிட்டு மரத்தைத் திரும்பப் பெற முடியுமா?

சட்டத்தின் உள்ளே பழைய படம் ஏதேனும் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ராஜா ரவிவர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியது. அங்கே அச்சான தெய்வப் படங்கள் தமிழ்நாட்டு வீடுகளின் பூஜையறைகளிலும் இடம்பிடித்தன. அவற்றில் சிலவற்றின் மேல் வீட்டுப் பெண்கள் ஜரிகையும் துணியும் ஜிகினாவும் ஒட்டி, லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் நிஜப் புடவை கட்டியிருப்பார்கள். பல பொருள்களைக் கலந்து ஒட்டும் இந்தக் கலை நமக்குப் புதிதே இல்லை. அப்படியொரு படம் உள்ளே இருந்தால், சட்டத்தையும் படத்தையும் பிரிக்காமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே கை வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| முறை | ஏற்ற சட்டம் | காலம் | எதிர்பாராத செலவு | திரும்பப் பெறுதல் |
|---|---|---|---|---|
| மெருகு மட்டும் | தேக்கு, நல்ல மரம் | இரண்டு, மூன்று நாள் | பெரும்பாலும் உழைப்பு மட்டும் | எளிது |
| காகிதம் ஒட்டுதல் | தட்டையான மெல்மரம், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) | மூன்று, நான்கு நாள் | லேசர் அச்சு, வார்னிஷ் | சிரமப்பட்டு முடியும் |
| மக்கு, நிறம், தங்கத்தாள் | உடைந்த பூச்சட்டம், மெல்மரம் | ஒரு வாரம், பத்து நாள் | தங்கத்தாள், தூரிகை, காத்திருப்பு | அரக்குத் தளம் இருந்தால் ஓரளவு |
| பட்டுத் துணி | தட்டையான அகலச் சட்டம் | இரண்டு நாள் | புடவையின் மதிப்பே | பசையைப் பொறுத்தது |
| சில்லு, சிப்பி, வளையல் | கனமான, மூலை உறுதியான மரம் | நான்கு, ஐந்து நாள் | எடை, கொக்கி, சுவர் ஆணி | அநேகமாக முடியாது |

## மெருகு மட்டும்

எதையும் ஒட்டாமல் விடுவதும் ஒரு தேர்வுதான். தேக்குச் சட்டமாக இருந்தால் என் ஓட்டு இதற்கே.

பழைய மெருகு எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பின்பக்கம் தேயுங்கள். பிசுபிசுவென்று இளகிப் பஞ்சு பழுப்பானால் அது அரக்கு மெருகு. அப்படியானால் முழுவதையும் சுரண்ட வேண்டியதில்லை. அழுக்கை எடுத்துவிட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிய துணிப்பொட்டலத்தால் தடவினால், பழைய மெருகும் புதியதும் ஒன்றாகக் கரைந்து சேர்ந்துவிடும். அரக்கு மெருகின் பெரிய சிறப்பு இது. எத்தனை ஆண்டு கழித்தும் அதன் மேலேயே புதுப்பிக்கலாம்.

மழை பெய்யும் நாளில் மட்டும் அரக்கு பூசாதீர்கள். காற்றில் உள்ள ஈரம் மெருகுக்குள் சிக்கி வெள்ளைப் படலம் போர்த்தியது போலாகிவிடும். சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது.

குறை உள்ள முறைதான் இதுவும். மரத்தில் பெரிய ஒட்டு, எரிந்த கறை, ஒரு பக்கம் மட்டும் மாற்றிய துண்டு இருந்தால் மெருகு அதை மறைக்காது, இன்னும் பளிச்சென்று காட்டும். அரக்கு சாராயத்துக்கும் சூட்டுக்கும் இளகும் என்பதால், விளக்குக்கு நேர் மேலே மாட்டும் சட்டத்துக்கு ஏற்றதில்லை.

## காகிதம் ஒட்டுதல்

டெகூபாஜ் என்று கடைகளில் சொல்வது இதைத்தான்: அச்சிட்ட காகிதத்தை வெட்டி ஒட்டி, மேலே பல பூச்சு வார்னிஷ் ஏற்றி, காகிதத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாமல் செய்வது. செலவு குறைவு, குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளலாம், பழைய கடிதம், பயணச்சீட்டு, சிவகாசி நாட்காட்டிப் படம் என்று நினைவுகளை வைத்துச் செய்யலாம்.

ஆனால், இதில் தவறுவதற்கு இடம் அதிகம். இங்க்ஜெட்டில் அச்சிட்ட படத்தின் மேல் ஈரப்பசை பட்டால் மை கசிந்துவிடும். லேசர் அச்சு அல்லது கடையில் எடுத்த ஜெராக்ஸ் கசியாது. செய்தித்தாள் சில ஆண்டுகளில் பழுப்பேறும். அதன் மரக்கூழில் உள்ள லிக்னின் வெளிச்சம் பட்டு நிறம் மாறுவதே காரணம். பழுப்பு நிறமே வேண்டும் என்பவர்களுக்கு அது குறையில்லை. நாட்காட்டித் தாள் வழவழப்பாகவும் தடிப்பாகவும் இருக்கும்; வளைந்த விளிம்பில் படியாமல் எழும்பும். அதைப் பின்பக்கமிருந்து மெல்ல உரித்து மெலிதாக்கிய பிறகே ஒட்ட வேண்டும். பூப்போட்ட கைத்துடைப்புத் தாளில் இரண்டு, மூன்று அடுக்குகள் இருக்கும். அச்சு இருக்கும் மேல் அடுக்கை மட்டும் பிரித்து ஒட்டினால் வளைவுகளில் அழகாகப் படியும். அடியில் வெள்ளைத் தளம் வேண்டும். இல்லாவிட்டால் மரத்தின் நிறம் படத்தைத் தின்றுவிடும்.

நினைவுச்சின்னமாக வைத்திருக்கும் அசல் கடிதத்தையோ அசல் புகைப்படத்தையோ ஒருபோதும் ஒட்டாதீர்கள். பிரதி எடுத்து ஒட்டுங்கள்.

இன்னொரு எதிரி இராமபாணப் பூச்சி. மாவுப்பசையும் காகிதமும் அதற்கு விருந்து. அதனால் மைதாப்பசை வேண்டாம், ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே போதும். விளிம்பு, பின்புற மடிப்பு என்று எந்தக் காகித முனையும் வார்னிஷ் படாமல் இருக்கக் கூடாது. சட்டத்தின் உள்விளிம்பில், கண்ணாடி உட்காரும் பள்ளத்துக்குள் காகிதத்தை மடித்துவிட்டால் கண்ணாடி சரியாக அமராது. பலர் கடைசி நாளில் கண்டுபிடிக்கும் சங்கடம் இது.

தட்டையான சட்டம், நிழலான சுவர், குடும்ப நினைவுப் படம் — மூன்றும் சேர்ந்தால் காகிதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

## மக்கும் நிறமும் தங்கத்தாளும்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேன்.

தஞ்சாவூர் ஓவியத்தில் நகைகளும் மண்டபத் தூண்களும் பலகையிலிருந்து புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணப் பொடியைப் பசையோடு குழைத்து, கோடு கோடாக இட்டு எழுப்பும் மக்கு வேலை அது. அதன் மேல் தங்கத்தாள் ஒட்டிக் கற்களைப் பதிக்கிறார்கள். அதே மக்கு ஒரு மட்டமான சட்டத்தையும் உயர்த்திவிடும். தஞ்சாவூர் ஓவியப் பொருள்கள் விற்கும் கடைகளில் மக்குப் பொடி தனியாகவே கிடைக்கிறது. மேல்நாட்டு முறையில் ஜெஸ்ஸோ, டெக்ஸ்சர் பேஸ்ட் என்று டப்பாவில் விற்பவையும் அடிப்படையில் இதன் உறவினர்களே. சுண்ணப் பொடிக்குப் பசையாக அக்ரிலிக் சேர்ந்திருக்கும்.

பூச்சட்டத்தில் இரண்டு பூ உடைந்து போயிருந்தால் இந்த முறை கைகொடுக்கும். நல்லபடியாக இருக்கும் பூவின் மேல் கொஞ்சம் எண்ணெய் தடவி, களிமண்ணையோ சிலிகான் புட்டியையோ அழுத்தி அச்சு எடுங்கள். அந்த அச்சில் எம்-சீலை (பிசைந்து வைத்தால் இறுகும் புட்டி) அழுத்தி எடுத்தால் அதே பூ கிடைக்கும். உடைந்த இடத்தில் ஒட்டி, மூட்டுக் கோட்டை மக்கால் நிரப்பிவிட்டால், நிறம் ஏறிய பிறகு எது பழையது எது புதியது என்று தெரியாது.

மக்கு வெடிக்காமல் இருக்க இரண்டு விதிகள். ஒன்று, தடிப்பாக ஒரே முறையில் பூசக் கூடாது; மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. இரண்டு, அடிப்பூச்சில் பசை கூடுதலாக இருக்கலாம், மேலே போகப்போகப் பசையின் அளவு கூடக் கூடாது. பலமான மேல்பூச்சு காயும்போது சுருங்கி, பலவீனமான அடிப்பூச்சைப் பிடித்து இழுத்து விரிசலாக்கும். சிக்கனம் என்று சுவருக்குப் பூசும் சிமெண்ட் புட்டியை மரத்தின் மேல் அப்புகிறார்கள். மரம் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும், அந்தப் புட்டி அசையாது. மூலைக்கோடுகளில் தொடங்கி ஓடு ஓடாகப் பெயர்ந்துவிடும்.

அடித்தளம் இன்னொரு விஷயம். தேக்கிலும், கருநிற வார்னிஷ் போட்ட மரத்திலும் நேரடியாக வெள்ளைப் பூச்சுப் பூசினால், சில நாட்களில் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுகள் மேலே கசியும். அதற்கு முன் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை இரண்டு பூச்சு பூசிக்கொள்ளுங்கள். கறை கசியாது, மேல்பூச்சு நன்றாகப் பிடிக்கும், மரத்தின் துளைகளுக்குள் நிறம் இறங்காது. பிற்காலத்தில் யாராவது மேலே உள்ளதை எடுக்க நினைத்தால் அவர்கள் வேலையும் குறையும். பாலிஸ்டைரீன் சட்டமாக இருந்தால், மிக நுண்ணிய உப்புத்தாளால் வழவழப்பை மட்டும் எடுத்துவிட்டு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் ஜெஸ்ஸோவையே அடித்தளமாகப் பூசுங்கள். தின்னர் கலந்த எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

இனித் தங்கம். தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டும் 22 காரட் தங்கத்தாள் கறுக்காது. விலையும் தங்க விலையோடு ஏறும். கைவினைக் கடைகளில் புத்தகம் புத்தகமாக விற்கும் விலை குறைந்த பொன்னிறத்தாள் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. கைவிரல் வியர்வை பட்டாலே கறுக்கும். கடற்காற்று உள்ள ஊரில் இன்னும் சீக்கிரம். வார்னிஷ் பூசி மூடினால்தான் நிற்கும். முழுச் சட்டத்தையும் மூடும் அளவுக்கு அசல் தங்கத்தாள் வாங்குவது வீண். உள்விளிம்பின் ஒற்றைக் கோட்டுக்கு மட்டும் அசல் தங்கம், மற்ற இடங்களில் காவியோ மயில்நீலமோ பச்சையோ — இந்த அளவு போதும், கண் நேரே படத்துக்குப் போகும். கற்களையும் அதே சிக்கனத்தோடு பதியுங்கள். நான்கு மூலைகளில் நான்கு சிவப்புக் கற்கள் செய்வதை நாற்பது கற்கள் செய்வதில்லை.

எதிர்பாராத செலவு என்றால் நேரம்தான். மக்குக் காய, தேய்க்க, மீண்டும் பூச, நிறம் ஏற்ற, மூட என்று பத்து நாள் வரை ஓடும். அதுவரை சட்டம் தூசிபடாமல் கிடக்க ஓர் இடம் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் இதுவே பெரிய தடையாக இருக்கலாம்.

## பட்டுத் துணி

அகலமான, தட்டையான சட்டத்துக்குப் பட்டுப் புடவைக் கரையைப் போல எடுப்பானது வேறில்லை. கரையின் நேர்கோடு சட்டத்தின் நேர்கோட்டோடு இயல்பாகப் பொருந்தும். பாட்டியின் கூறைப்புடவை பெட்டிக்குள் மடிப்போடு மடிப்பாக இற்றுப் போவதைவிட, அதன் ஒரு கரை அவர் படத்தைச் சுற்றி இருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

ஆனால், கத்தரியை எடுக்கும் முன் ஜரிகையைச் சோதியுங்கள். அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்கமுலாம் ஏற்றியது. கரையின் பின்பக்கத்தில் லேசாகச் சுரண்டினால் பொதுவாகச் சிவப்பு நூல் தெரியும். வெள்ளை நூலோ பிளாஸ்டிக் பளபளப்போ தெரிந்தால் சாதாரண ஜரிகை. அசல் ஜரிகைப் புடவைக்கு வெள்ளி எடைக்கே பழைய பட்டு வாங்குபவர்கள் பணம் கொடுப்பார்கள். அதாவது, இலவசம் என்று நினைத்து வெட்டும் கரைதான் இந்த ஐந்து முறைகளிலும் விலை கூடிய பொருளாக இருக்கக்கூடும். விலை தெரிந்த பின்னும் வெட்டுவதாக இருந்தால் தாராளமாக வெட்டுங்கள். அது பாசத்துக்கான செலவு. உறவினர்கள் பங்கு கேட்கும் புடவையாக இருந்தால் அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒட்டும்போது வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து தளர்த்தினால் மெல்லிய பட்டின் மேல்பக்கம் ஈரக்கறையாக ஊறித் தெரியும். பசையைத் துணியில் தடவாதீர்கள். சட்டத்தில் மெலிதாகத் தடவி, தொட்டால் ஒட்டும் பதம் வந்த பிறகு துணியை வைத்து அழுத்துங்கள். புத்தகம் கட்டுபவர்கள் மைதாப்பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள், பூச்சி அண்டாது. ஆனால் துத்தம் நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை. மூலையில் துணியை மடிக்காமல், சட்டத்தைப் போலவே சாய்வாக வெட்டிச் சேர்த்தால் தடிப்புத் தெரியாது.

துணியைத் துடைக்க முடியாது. தூசி, புகை, எண்ணெய்ப்பிசுக்கு எது படிந்தாலும் அங்கேயே தங்கும். சமையலறை, பூஜையறை இரண்டுக்கும் இந்த முறை வேண்டாம். விளக்கும் ஊதுவத்தியும் எரியும் இடத்தில் பட்டுத் துணியும் பசையும் சுவரில் தொங்குவது ஆபத்தும்கூட. நேர் வெயில் படும் சுவரில் பட்டின் சாயம் வெளுக்கும், இழை இற்றுப்போகும். கூடத்தில், வெயில் படாத சுவரில், பெரியவர்களின் படத்துக்கு என்றால் இதை விஞ்ச வேறில்லை.

## சில்லு, சிப்பி, வளையல்

முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுற்றி உடைந்த டைல்ஸ், வளையல் துண்டு, பொத்தான், மட்டிச் சிப்பி எல்லாம் பதிப்பது பார்க்க மிக அழகு. ஈரத்தைப் பொருட்படுத்தாத முறையும் இது ஒன்றுதான். சரியான பசை வைத்துக் கோடுகளை அடைத்துவிட்டால் குளியலறைச் சுவரிலும் நிற்கும். ஆனால், வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும் என்பதால் அங்கே எபாக்ஸிப் பசை தேவைப்படும். செலவு அந்த இடத்தில் ஏறுகிறது.

பெரிய கேள்வி எடை. 12க்கு 18 அங்குலப் படத்துக்கு இரண்டு அங்குல அகலச் சட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதன் முகப்புப் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர அடி. 6 மில்லிமீட்டர் டைல்ஸ் துண்டுகளால் அதை நிரப்பினால் ஒரு கிலோவுக்கு மேல் ஏறும். பசை, கோடு அடைக்கும் கலவை தனி. உள்ளே 2 மில்லிமீட்டர் கண்ணாடி என்றாலே முக்கால் கிலோ நெருங்கும். முகம் பார்க்கும் கண்ணாடி இன்னும் தடிப்பு. ஒரு சின்ன ஆணியில் தொங்கிய சட்டம் இப்போது இரண்டு கொக்கியும் சுவரில் துளையிட்டு இறுக்கிய திருகும் கேட்கும். வாடகை வீடு என்றால் சுவரில் துளையிட வீட்டுக்காரரின் அனுமதியும் வேண்டும்.

கண்ணாடி வளையல் துண்டுகள் எடை குறைவு, நிறம் மங்காது. என் தேர்வு எப்போதும் அவைதான். வெட்டு முனை விரலைக் கிழிக்கும் என்பதால் முனைகளைக் கலவைக்குள் அமிழ்த்திப் பதியுங்கள். சிப்பிகளை நல்ல தண்ணீரில் பல முறை ஊறவைத்துக் கழுவ வேண்டும். உப்பு தங்கினால் ஈரத்தை இழுத்துப் பசையைத் தளர்த்தும். சமைத்த மட்டிச் சிப்பிகள் போதும். அழகுக்காகக் கடற்கரைக் கடைகளில் வாங்கும் சங்கு, சிப்பிகளில் சில வகைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றை வாங்காமலிருப்பது கடலுக்கும் நல்லது.

இந்த முறையில் செய்ததை அநேகமாகத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் தேக்கின் மேல் வேண்டவே வேண்டாம்.

## இரண்டைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் சேர்ப்பவர்களின் வேலை பெரும்பாலும் கண்ணை அலைக்கழிக்கிறது. ஒன்று முதன்மை, இன்னொன்று துணை என்று வைத்துக்கொண்டால் நன்றாக அமையும். சட்டத்தின் அகலப் பரப்பில் காகிதம், உள்விளிம்பில் மக்குக் கோடு. அல்லது முழுவதும் ஒரே நிறம், ஒரு மூலையில் மட்டும் வளையல் சில்லு. அல்லது பட்டுக் கரை, அதன் இருபுறமும் மெருகிட்ட மரம். கடைசியாகச் சொன்ன சேர்க்கையில் தேக்கைக்கூட நான் அனுமதிப்பேன், துணியைப் பிறகு எடுத்துவிட முடியும் என்பதால்.

அடுக்கும் வரிசை மாறக் கூடாது: மூலை இறுக்கம், அரக்குத் தளம், மக்கு, நிறம், காகிதம், வார்னிஷ், தங்கத்தாள், அதற்கு மேல் அதன் காப்புப்பூச்சு, கடைசியில் கல்லும் சில்லும் துணியும். துணியின் மேலும் கற்களின் மேலும் வார்னிஷ் படக் கூடாது. பட்டு விறைத்துக் கறுக்கும், கல் மங்கும்.

## எந்தச் சட்டத்துக்கு எது

தேக்கு, மூலை உறுதி, பெரிய பழுதில்லை: மெருகு. மனம் கேட்கவில்லை என்றால் பட்டுக் கரை மட்டும்.

பூ உடைந்த பொன்னிறச் சட்டம்: மக்கு. வேறு எதுவும் அதன் வேலைப்பாட்டைக் கெடுக்கும். உடையாமல் நல்லபடியாக இருந்தால் மெல்லிய உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள்.

கறுப்பு வார்னிஷ் போட்ட மெல்மரம்: எது வேண்டுமானாலும் செய்யலாம். புதிதாகப் பழகுபவர்களும், குழந்தைகளோடு செய்பவர்களும் இந்த வகையைத்தான் தேடி வாங்க வேண்டும்.

பாலிஸ்டைரீன்: அக்ரிலிக் நிறம், லேசான காகிதம். டைல்ஸ் எடையை அதன் மூலைகள் தாங்காது.

வண்டு குடைந்து உள்ளே பஞ்சாகிப்போன மரம்: அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால், பூச்சியை ஒழித்த பிறகு முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் புதுப் பிளைவுட் கீற்று கொடுத்துப் பலப்படுத்தலாம். அந்தச் செலவில் வேறு சட்டமே வாங்கலாம் என்பதையும் கணக்குப் பாருங்கள்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் பின்பக்கத்தை மறக்காதீர்கள். பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புது அட்டை போடுங்கள். பழைய அட்டையின் அமிலம் படத்தைப் பழுப்பாக்கும். படம் கண்ணாடியில் நேரடியாக ஒட்டிக்கொள்ளாதபடி இடையே மவுண்ட் போர்டு (நடுவில் வெட்டி எடுத்த தடித்த அட்டை) கொடுங்கள், மழைக்கால ஈரத்தில் ஒட்டிக்கொண்ட புகைப்படத்தைப் பிரிக்க முயன்றால் முகமே போய்விடும். துருப்பிடித்த ஆணிகளையும் கம்பியையும் மாற்றுங்கள். கீழ் மூலைகள் இரண்டிலும் சின்ன ரப்பர்த் துண்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும், ஓதம் நேரே ஏறாது.

பெயிண்ட் கடையில் வார்னிஷ் வாங்கும்போது தண்ணீரில் கரையும் வகையா, தின்னரில் கரையும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். சட்டத்தின் பின்புறத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பூசி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். இளகவில்லை, கசியவில்லை, மஞ்சளாகவில்லை என்றால் முன்பக்கத்தில் தொடங்கலாம்.